ஊழியத்துக்கு முன்னால் பிரெஞ்சு: குடும்பமாகப் போனவர்கள் சொல்லுங்கள்

மார்த்தாண்டத்திலிருந்து

தக்கலைத் தங்கச்சிக்குத்தான் இந்தப் பதில். ஊழியத்துக்கு அனுப்புகிற சங்கத்தில் கணவருக்கு மட்டும் பிரெஞ்சு வகுப்புக்குப் பணம் கட்டியிருக்கிறார்கள், நான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தால் போதாதா என்று கேட்டிருந்தீர்கள். போதாதும்மா. எப்பாடுபட்டாவது நீங்களும் வகுப்பில் உட்காருங்கள்.

ஆப்பிரிக்காவிலுள்ள சாட் நாட்டுக்கு மருத்துவ ஊழியத்துக்குப் போவதற்கு முன்னால் நாங்கள் பிரான்சில் அல்பேர்வில் என்ற ஊரில் தங்கிப் படித்தோம். ஆல்ப்ஸ் மலையடிவாரம், 1992 குளிர்கால ஒலிம்பிக் நடந்த இடம். மிஷனரிகள் பிரெஞ்சு படிப்பதற்கென்றே அங்கே ஒரு மையம் இருக்கிறது. நான் நர்ஸ், என் கணவர் லேப் டெக்னீஷியன். சாட்டில் பிரெஞ்சும் அரபியும் ஆட்சிமொழிகள். நோயாளியின் சீட்டும் அரசாங்கத்துக்கு எழுதுகிற கடிதமும் எங்களுக்குப் பிரெஞ்சில்தான். வார்டில் நோயாளி பேசுவதோ சாட் அரபி, இல்லையென்றால் உள்ளூர் மொழி. அதைக் கற்றுத்தருகிற ஆளிடம் பேசவே பிரெஞ்சு வேண்டும். மனைவிக்கு அது தெரியாவிட்டால் கடைக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் கணவர் கூடவே வரவேண்டும். அப்படி வீட்டுக்குள்ளேயே ஒடுங்கிப்போன சகோதரிகளைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு விசுவாசக் குறைவு என்று பேசுவார்கள், கேட்கவே வருத்தமாக இருக்கும். பக்கத்து வீட்டுக்காரியிடம் நாலு வார்த்தை பேச முடியாததுதான் அவர்களுடைய குறை.

பிள்ளைகளை என்ன செய்வது என்று பயப்பட வேண்டாம். பிரான்சில் 2019 முதல் 3 வயதிலேயே பள்ளி கட்டாயம். அதனால் பகலில் இரண்டு பேரும் படிக்கலாம். புதன்கிழமை பல பள்ளிகளுக்கு லீவு, அன்றைக்கு மட்டும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டோம். சின்னவளை மதியச் சாப்பாட்டுக்கும் பள்ளியிலேயே விட்டோம். அவளுக்குப் பேச்சு வந்ததே அந்தச் சாப்பாட்டு மேசையில்தான். இன்னும் கொஞ்சம் ரொட்டி வேண்டுமென்றால் வாய் திறந்து கேட்டாக வேண்டுமே.

பெரியவர்களுக்குக் கஷ்டம் எண்கள். அங்கே போன் நம்பரை இரண்டு இரண்டு இலக்கமாகச் சொல்வார்கள். 78 என்பதை ‘அறுபது பதினெட்டு’ என்றும், 94 என்பதை ‘நாலு இருபது பதினாலு’ என்றும்தான் சொல்வார்கள். அறுபது என்று காதில் விழுந்ததும் கை 6 எழுதிவிடும். பின்னாலேயே பதினெட்டு வந்தால் அதை அடித்துவிட்டு 7 போட வேண்டும். அதற்குள் அடுத்த எண் வந்துவிடும். டாக்டரிடம் போனில் நேரம் கேட்க என் கணவர் என்னைத்தான் பேசச் சொல்வார், நர்ஸ் என்பதால்! பேசிப் பேசித்தான் காது பழகியது.

அப்புறம் பெயர். நம்ம ஊர் வழக்கப்படி என் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற இடத்தில் என் அப்பா பெயர், கணவருடையதில் அவர் அப்பா பெயர், பிள்ளைகளுக்குக் கணவர் பெயர். ஓர் அலுவலகத்தில், இவர்கள் உங்கள் பிள்ளைகள்தானா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அப்போஸ்டில் முத்திரையோடு (வெளிநாட்டில் செல்லுபடியாவதற்காக நம்ம அரசாங்கம் போடுகிற முத்திரை) திருமணச் சான்றும் பிறப்புச் சான்றும் கையில் இருந்ததால் தப்பித்தோம். கோயிலில் தருகிற திருமணச் சான்றிதழை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள்.

சபையார் போன் செய்து ‘ஊழியம் எப்ப தொடங்கும்?’ என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்கிறார்கள், காணிக்கை கொடுக்கிறவர்களுக்குக் கேட்க உரிமையும் உண்டு. மயிலாடியில் சபையைத் தொடங்கிய மிஷனரி ரிங்கல்தௌபே 1804இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, தமிழ் படித்த பிறகுதான் 1806இல் திருவிதாங்கூருக்கு வந்தார். மயிலாடிக்காரர்கள் யாரும் அந்தக் காலத்தை வீண் என்று சொல்லமாட்டார்கள். இதை நான் சபையில் எழுந்து சொன்னேன். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி வரவில்லை.

குளச்சலிலிருந்து

அக்கா சொன்ன எண் விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். என் அண்ணன் குருவானவர், காங்கோவில் இருக்கிறார். அது பெல்ஜியம் ஆண்ட நாடு என்பதால் 70க்கும் 90க்கும் அங்கே தனிச்சொல் உண்டு: செப்தாந்த், நொனாந்த். பிரான்சில் படித்துவிட்டு அங்கே போகிறவர்கள் முதல் வாரம் முழிப்பார்கள். போகிற நாட்டில் எப்படிப் பேசுகிறார்கள் என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பிரெஞ்சின் மூக்கொலிக்குப் பயப்பட வேண்டாம். பேச்சில் ‘வந்தான்’, ‘மரம்’ என்று சொல்லும்போது கடைசி எழுத்தை மூக்கால்தானே முடிக்கிறோம்? வணக்கம் சொல்கிற ‘பொன்ழூர்’ நமக்குச் சுலபமாக வரும். தொண்டையில் உரசுகிற ‘ர’தான் பாடுபடுத்தும். அண்ணன் திருவனந்தபுரத்தில் பிரெஞ்சு கற்றுத்தருகிற அலியான்ஸ் பிரான்சேஸில் முதல் நிலை முடித்துவிட்டுப் போனார். நம்ம பக்கத்திலிருந்து பஸ்ஸில் போய்வருகிற தூரம்தான்.

தக்கலையிலிருந்து

ரொம்ப நன்றி அக்கா. சங்கத்தில் இரண்டாவது ஆளுக்குப் பணம் இல்லை என்று சொன்னால் என்ன செய்ய?

மார்த்தாண்டத்திலிருந்து

இப்போதே எழுத்தில் கேளுங்கள். மருத்துவம், பள்ளி, கடை எல்லாவற்றுக்கும் மனைவிக்கு மொழி தேவை என்று விவரமாக எழுதுங்கள், கணவரும் கையெழுத்துப் போடட்டும். அப்படியும் இல்லையென்றால் உங்கள் சபை ஐயரிடம் (போதகரிடம்) சொல்லி, சபையின் பெண்கள் ஐக்கியத்தில் கேளுங்கள். எனக்குக் கட்டியது அவர்கள்தான். பதில் வருகிற வரைக்கும் சும்மா இருக்காமல் திருவனந்தபுரத்தில் முதல் நிலைக்குப் பெயரைக் கொடுத்துவிடுங்கள்.