2012 பிரியஸ் 30, 214,000 கிமீ: வாங்கி ஒரு கிழமை, முதலில் எதில் கை வைப்பது?

புதுச்சாவி:
வணக்கம். போன கிழமை ஒரு ரொயோட்டா பிரியஸ் வாங்கினேன். மூன்றாம் தலைமுறை, இசட்விடபிள்யூ30, 2012. மீற்றரில் 214,000 கிமீ. சேர்விஸ் புத்தகமும் இல்லை, ஜப்பான் ஏலத் தாளும் இல்லை. டாஷில் எச்சரிக்கை லைற் ஒன்றும் எரியவில்லை.

இரண்டு விஷயம் கவனித்தேன். காலையில் முதல் தடவை எஞ்சின் பற்றும்போது மூன்று நாலு செக்கன் முழு வண்டியும் உதறுகிறது, பிறகு நாள் முழுக்க நல்ல பிள்ளை. மற்றது, வெயிலில் ஓடும்போது பின் சீற் பக்கத்தில் ஒரு ஃபான் சத்தம். எல்லாரும் "ஹைபிரிட் பற்றரி போகப் போகுது, அதற்குக் காசு சேர்" என்கிறார்கள். எல்லா வேலையையும் ஒரே மாதத்தில் செய்ய வசதி இல்லை. எந்த ஒழுங்கில் போவது?

ஒரேஞ்ச்வயர்:
பற்றரியை இப்போதைக்கு ஓரமாக வையுங்கோ. நீங்கள் எழுதினதில் பயப்பட வேண்டிய வரி அந்தக் காலை உதறல்தான். இந்த 1.8 எஞ்சினில் (2இசட்ஆர்-எஃப்எக்ஸ்ஈ) அதற்கு மூன்று காரணம் வரும். பழைய பிளக் அல்லது கொயில். இன்டேக் மனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்த் தொகுதி) தேங்கிய ஒயிலும் ஈரமும். மூன்றாவது, ஹெட் கஸ்கற் (எஞ்சின் புளொக்குக்கும் மேல் ஹெட்டுக்கும் இடையில் இருக்கும் அடைப்புத் தகடு) கசிந்து இரவு முழுக்க ஒரு சிலிண்டருக்குள் கூலன்ட் (எஞ்சினைக் குளிரவைக்கும் திரவம்) இறங்குவது. மூன்றாவது என்றால் ஒயில் மாற்றி, வக்ஸ் பூசி என்று செலவழிக்கும் காசெல்லாம் வீண்.

அதனால் ஒரு சாமானும் வாங்க முதல் இவற்றைச் செய்யுங்கோ. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூலன்ட் ரிசர்வரில் மட்டம் எங்கே நிற்குதோ அங்கே ஒரு ரேப் துண்டு ஒட்டுங்கோ. தினமும் அதே நேரத்தில் பாருங்கோ. காரின் கொம்பியூற்றரைப் போனில் வாசிக்கும் புளூரூத் ஓபிடி அடாப்டர் ஒன்று போட்டு டொக்டர் பிரியஸ் அல்லது ஹைபிரிட் அசிஸ்டன்ட் செயலியில் ஹைபிரிட் பற்றரியின் 14 புளொக்கின் (ஒன்றில் இரண்டு மொடியூல்) வோல்ற், பற்றரிச் சூட்டைக் காட்டும் மூன்று எண்ணையும், எஞ்சின் கூலன்ட் சூட்டையும் எழுதுங்கோ. இந்தக் காரின் டாஷில் எஞ்சின் சூடு காட்டும் முள் இல்லை. சிவப்பு லைற் எரியும்போது காலம் பிந்திவிடும்.

லைற் எரியாவிட்டாலும் எல்லாக் கொம்பியூற்றரிலும் நிலுவையில் உள்ள கோட் (பிழை இலக்கம்) இருக்கா என்று பாருங்கோ. பி0300 முதல் பி0304 வரை மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டர் சரியாக எரியாமல் விடுவது; பி0302 என்றால் 2ஆம் சிலிண்டர். பி0401 ஈஜிஆர் (எக்ஸோஸ்ட் புகையைத் திருப்பி எஞ்சினுக்குள் விடும் வழி) ஓட்டம் குறைவு.

புதுச்சாவி:
நன்றி அண்ணா. ஐந்து நாள் பார்த்தேன். கூலன்ட் ரேப்பை விட்டு நகரவில்லை. கூலன்ட் சூடு 86க்கும் 93க்கும் இடையில். கோட் ஒன்று மட்டும், பி0302, நிலுவையில். பற்றரிப் புளொக்குகள் ஏற்றத்தில் ஓடும்போது ஆகக் கூடியது 14.9, ஆகக் குறைந்தது 14.7. பற்றரிச் சூடு மத்தியானம் 46 வரை போனது.

ஒரேஞ்ச்வயர்:
0.2 வோல்ற் வித்தியாசம் இந்த வயதுக்கு நல்லது. இழுவையில் இருக்கும்போது ஏதாவது ஒரு புளொக் மட்டும் மற்றவற்றை விட அரை வோல்ற், முக்கால் வோல்ற் கீழே விழுந்தால்தான் கவலை. உங்கட பற்றரிக்கு வருத்தம் இல்லை, வேர்க்குது. 46 பாகை அதிகம். ஃபானைக் கழற்றிக் கழுவினால் இறங்கும்.

கூலன்ட் ஐந்து நாளில் குறையவில்லை என்பது நல்ல செய்தி, ஆனால் தீர்ப்பு இல்லை. தொடக்கக் கசிவு ஒரு இரவில் ஒரு தேக்கரண்டி கூட இருக்காது. அழுத்தச் சோதனை செய்யுங்கோ. எஞ்சின் ஒரு மணித்தியாலம் ஓடி ஆறின பிறகு கூலன்ட் அழுத்தப் பம்பைப் பூட்டி, மூடியில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரைக்கும் ஏற்றி, இரவு முழுக்க விடுங்கோ. அதற்கு மேலே ஏற்ற வேண்டாம். காலையில் முள் எங்கே நிற்குது என்று பார்த்துவிட்டு, எஞ்சினைப் பற்றவைக்காமல் நாலு பிளக்கையும் கழற்றி போர்ஸ்கோப் கமெராவை விடுங்கோ. பிஸ்டன் தலை நாலும் ஒரே கறுப்பாக, காய்ந்து இருந்தால் கஸ்கற் பிழைத்தது. ஒன்று மட்டும் நீராவியில் கழுவினது போல் பளபளத்தாலோ, ஓரத்தில் ஈரம் நின்றாலோ, அந்த சிலிண்டர்தான் ஆள்.

பிளக்கைக் கழற்றியதும் பழையதைத் திருப்பிப் போட வேண்டாம். டென்சோ எஸ்சி20எச்ஆர்11, நாலு. ரொயோட்டா சொல்லும் ஆயுள் 192,000 கிமீ, நீங்கள் அதைக் கடந்தாச்சு. போலி நிறைய உலாவுது, தெரிந்த கடையில் வாங்குங்கோ. 2ஆம் சிலிண்டர் கொயிலை 3க்கு மாற்றிப் பூட்டுங்கோ. கோட் பி0303 ஆக மாறினால் கொயில் பிழை. பி0302 ஆகவே நின்றால் கொயில் இல்லை.

கிளிநொச்சி_ஸ்பானர்:
கஸ்கற் ஏன் போகுது என்று சொன்னால்தான் தம்பிக்கு வேலையின் ஒழுங்கு விளங்கும். எக்ஸோஸ்ட் புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்துத் திருப்பி எஞ்சினுக்குள் விடுவதுதான் ஈஜிஆர். புகை முதலில் கூலர் வழியாகப் போகுது. அதன் உள்ளே தேன்கூடு மாதிரிச் சின்னப் பாதைகள். வருடக் கணக்கில் கரி பிடித்து அடைக்கும். அதைத் தாண்டினால் இன்டேக் மனிஃபோல்டில் சிலிண்டருக்கு ஒன்றாக நாலு சின்ன ஓட்டை. பிசிவி வால்வு (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் வால்வு) வழியாக வரும் ஒயில் ஆவி அதே இடத்தில் கரியோடு சேர்ந்து தார் மாதிரி ஆகும். ஓட்டைகள் ஒரே அளவில் அடைபடாது. அடைபட்ட சிலிண்டருக்குக் குளிர்ந்த புகை கிடையாது, எரிதல் சூடு ஏறும், எஞ்சின் தட்டும். ஹெட் கஸ்கற் முதலில் பலவீனமாவது அங்கேதான். கஸ்கற் மட்டும் மாற்றி ஈஜிஆரைத் தொடாமல் விட்ட வண்டி திரும்பவும் அதே வாசலுக்குத்தான் வரும்.

அழுத்தச் சோதனை நன்றாக வந்தால் அடுத்த வேலை ஈஜிஆரைக் கழற்றிக் கழுவுவது. ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

வைப்பர், அதன் கீழ்த் தட்டு கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் கை போகாது. கூலர் எஞ்சினின் பின்பக்கம், கபின் சுவரை ஒட்டி இருக்கும். கூலன்ட் குழாய் இரண்டு அதற்குப் போகும், ஆகவே முதலில் கூலன்டை இறக்குங்கள். ஈஜிஆர் வால்வு, வளைந்த குழாய், த்ரொட்டில் பொடி, மனிஃபோல்ட் எல்லாம் வெளியே வரும். இரும்புக் கஸ்கற்களைப் புதிதாகப் போடுங்கள்.

கூலரை சோடியம் பெர்காபனேட் உள்ள ஒக்சிஜன் பிளீச் கரைத்த சுடுநீரில் ஊற விடுங்கள். நீர் ஆற ஆற மாற்ற வேண்டும், ஐந்தாறு தடவை. குளோரின் பிளீச் கிட்டவும் வேண்டாம். வாளியில் மூடி போட்டு அடைக்கவும் கூடாது, வாயு கிளம்பும். கம்பி விட்டுக் குத்தினால் உள் சுவர் ஓட்டையாகி கூலன்ட் நேரே இன்டேக்குக்குள் போகும். கடைசியில் ஒரு போத்தல் நீரை ஊற்றிப் பாருங்கள். தயங்காமல் விழ வேண்டும். வால்வில் மோட்டார் இருக்கு, அதை ஊறவைக்க வேண்டாம், பிரஷும் கார்பரேற்றர் கிளீனரும் போதும். மனிஃபோல்ட் பிளாஸ்ரிக், அந்த நாலு ஓட்டையையும் நைலோன் பிரஷால் உருட்டி எடுங்கள்.

மனிஃபோல்ட் வெளியே இருக்கும்போதே பிசிவி வால்வை மாற்றிவிடுங்கள். விலை அற்பம். இன்னொரு நாள் மாற்ற நினைத்தால் இவ்வளவையும் திரும்பக் கழற்ற வேண்டும்.

வோட்டர்பம்ப்:
எஞ்சின் கூலன்ட் இறக்கியே ஆக வேண்டும் என்றால் மின்சார வோட்டர் பம்பையும் அப்போதே யோசியுங்கள். இதில் பெல்ற் கிடையாது. பம்ப் நின்றால் சில நிமிடத்தில் எஞ்சின் கொதிக்கும், ஹெட் வளையும். 200,000 தாண்டிய வண்டிக்கு, மாற்றிய சான்று இல்லாவிட்டால், நான் முன்கூட்டியே மாற்றச் சொல்வேன்.

இன்வேர்ட்டருக்கு (பற்றரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ற மாதிரி மாற்றும் பெட்டி) தனிக் கூலன்ட், தனிப் பம்ப். வண்டியை ரெடியில் (டாஷில் ரெடி லைற் எரியும் நிலை) போட்டு இன்வேர்ட்டர் ரிசர்வர் மூடியைத் திறந்து பாருங்கள். நீர் சுழல வேண்டும். அசையாமல் குளம் மாதிரி நின்றால் பம்ப் ஓடவில்லை அல்லது காற்று அடைத்திருக்கு. இரண்டு சுற்றுக்கும் ரோஸ் நிற சூப்பர் லோங் லைஃப் கூலன்ட், தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றுவது. எஞ்சினுக்கு முதல் மாற்றம் 160,000 கிமீ, இன்வேர்ட்டருக்கு 240,000 கிமீ, அதன் பிறகு 80,000 கிமீக்கு ஒரு தடவை. குழாய்த் தண்ணீர் ஊற்றியிருந்தால் நிறம் வெளிறிக் காட்டிக் கொடுக்கும்.

2014 பெப்ரவரியில் இதே இன்வேர்ட்டரின் மென்பொருளுக்காக ரொயோட்டா உலகம் முழுக்க 19 லட்சம் பிரியஸை மீள அழைத்தது. 2018 ஒக்ரோபரில் இன்னொரு அழைப்பும் வந்தது. உங்கட சஸி இலக்கத்தை ரொயோட்டா ஜப்பானின் இணையத்தளத்தில் போட்டால் செய்தாச்சா என்று தெரியும்.

0டபிள்யூ20:
ஒயில் பக்கம். எஞ்சினுக்கு ஃபில்ற்றரோடு 4.2 லீற்றர், 0டபிள்யூ-20. டிப்ஸ்ரிக் மேல் கோட்டைத் தாண்டினால் மிச்சம் பிசிவி வழியாக அதே மனிஃபோல்டுக்குத்தான் போகும். இந்தத் தலைமுறையில் ஒயில் குடிக்கும் வண்டிகள் இருக்கு, ஆகவே 1,000 கிமீக்கு ஒருக்கால் பாருங்கள்.

கியர்பொக்ஸ் ஒயில் "ஆயுள் முழுக்க" என்பதை நம்ப வேண்டாம். 3.4 லீற்றர் ரொயோட்டா ஏரிஎஃப் டபிள்யூஎஸ். முதலில் நிரப்பும் போல்ற்றைத் தளர்த்துங்கள், அது அசைந்த பிறகுதான் வடிக்கும் போல்ற். மாறிச் செய்து மேல் போல்ற் இறுகி நின்றால் ஒயில் இல்லாத வண்டி கராஜில் படுக்கும். மோட்டார் சுற்றுகள் இந்த ஒயிலுக்குள்தான் நனையுது.

ஒரேஞ்ச்வயர்:
கியர்பொக்ஸ் ஒயில் செய்யலாம், ஆனால் அது ஈஜிஆருக்குப் பிறகு. ஒரு வருடம் பிந்தினாலும் அது கொல்லாது.

பற்றரி ஃபானுக்கு வாறேன். பின் சீற் பக்கத்து கிறிலில் பை, சட்டை வைக்க விட வேண்டாம். சக்கர ஃபானின் இதழ்களுக்குள் தூசு கம்பளி மாதிரிப் படிந்திருக்கும். 12 வோல்ற் பற்றரியின் மைனஸைக் கழற்றிவிட்டு ஃபானை மட்டும் எடுத்து பிரஷால் துடையுங்கோ. பெரிய பற்றரியின் மூடியைத் திறக்கிற வேலை வேறு. அதில் 28 மொடியூல், 201.6 வோல்ற். செம்மஞ்சள் சேர்விஸ் பிளக்கைப் பிடுங்கிப் பொக்கற்றில் போட்டு, பத்து நிமிடம் பொறுத்து, 1000 வோல்ற் றப்பர் கையுறையோடுதான் தொட வேணும். பழக்கம் இல்லாதவர் தொட வேண்டாம். கரையோரத்தில் ஓடின வண்டி என்றால் மொடியூல்களை இணைக்கும் செப்புத் தகடு பச்சை பிடித்திருக்கும். அதைத் துலக்கிப் பூட்டும்போது நட்டுக்கு 5.4 நியூற்றன் மீற்றர், டோர்க் ரெஞ்சால். கை உணர்வில் இறுக்கினால் மொடியூல் முனை முறியும்.

டிராஃபிக்கில் என்-இல் (நியூட்ரல்) போட்டு நிற்க வேண்டாம். என்-இல் பற்றரி சார்ஜ் ஆகாது, ஏசி மட்டும் அதைக் குடிக்கும்.

ஏசி என்றதும் ஞாபகம் வந்தது. காஸ் நிரப்பினால் கம்பிரசர் ஒயில் என்டி-ஒயில் 11 மட்டும். வழமையான பாக் ஒயில் கம்பிரசரின் மின்காப்பைக் கெடுக்கும். பிறகு பி0ஏஏ6 (மின்காப்புப் பிழை) கோட் வந்து வண்டி ரெடிக்கே போகாது. கராஜில் காஸ் அடிக்க முதல் இதைக் கேளுங்கோ.

புதுச்சாவி:
எல்லாருக்கும் நன்றி. அழுத்தம் இரவு முழுக்க அசையவில்லை. கமெராவில் நாலு பிஸ்டனும் காய்ந்த கறுப்பு. கொயிலை மாற்றிப் பூட்டியும் கோட் பி0302 ஆகவே நின்றது. மனிஃபோல்டைக் கழற்றினால் நாலு ஓட்டையில் 1ஆவதும் 2ஆவதும் முழுக்க மூடி, மற்ற இரண்டில் தீக்குச்சி மட்டும் போகும். கூலரில் நீர் ஊற்றினால் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. ஆறாவது தண்ணீரில்தான் தெளிந்தது. பிளக், பிசிவி, வோட்டர் பம்ப் புதிது. ஃபானைத் துடைத்த பிறகு மத்தியானச் சூடு 39. மூன்று நாளாகக் காலை உதறல் இல்லை.

ஒரு சந்தேகம்: பூட்டிய மறுநாள் கூலன்ட் ரேப்புக்குக் கீழே ஒரு விரல் அளவு இறங்கியிருக்கு. பயப்பட வேணுமா?

கிளிநொச்சி_ஸ்பானர்:
உள்ளே நின்ற காற்று வெளியேறுகிறது. குளிர்ந்திருக்கும்போது நிரப்புங்கள். ஹீற்றரை ஆகக் கூடிய சூட்டில் வைத்து, எஞ்சின் விடாமல் ஓட மெயின்ரனன்ஸ் மோடில் விடுங்கள். பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு தடவை அழுத்தி, பி-இல் அக்ஸிலேற்றரை இரண்டு தடவை முழுக்க மிதி, என்-இல் இரண்டு, திரும்ப பி-இல் இரண்டு, பிறகு பிரேக் மிதித்து ரெடி. எல்லாம் ஒரு நிமிடத்துக்குள். ஹீற்றரில் சூடான காற்று தடையில்லாமல் வந்தால் காற்று போயிற்று. ரேப்பைப் புது மட்டத்தில் ஒட்டி இரண்டு கிழமை பாருங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகும் இறங்கினால் திரும்ப வந்து எழுதுங்கள்.