பிரிபுனலுக்குள் நின்ற மூன்றாவது அடுக்கு

பிரிபுனல்:
கடும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இருந்த இரும்பை, உலோகத்தைப் பிடித்து எண்ணெய்க்குள் இழுக்கும் டிரைபியூட்டைல் பாஸ்பேட்டை மண்ணெண்ணெயில் கரைத்து, அதைக் கொண்டு பிரித்துக்கொண்டிருந்தேன். மூன்று சோதனைகளில் மேலே மஞ்சள் நிறக் கரிம (எண்ணெய்) அடுக்கும் கீழே வெளிறிய நீர் அடுக்குமாக ஒழுங்காகப் பிரிந்தன. இரும்பின் செறிவைக் கூட்டிய நான்காவது சோதனையில், குலுக்கி நிறுத்திய புனலுக்குள் மூன்று அடுக்குகள் நின்றன: மேலே ஏறக்குறைய நிறமற்ற எண்ணெய், கீழே நீர், நடுவே அடர்ந்த பழுப்பு மஞ்சளில் கெட்டியான ஒரு திரவம். எண்ணெயும் நீரும் துளிகளாகக் கலந்து நிற்கும் பால்மம் என்று எண்ணி இரவு முழுவதும் விட்டுவைத்தேன். காலையில் இரண்டு எல்லைக் கோடுகளும் கத்தியால் வெட்டியதுபோல் இன்னும் தெளிவாக இருந்தன. பால்மமாக இருந்தால் கலங்கலாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. மேலடுக்கிலிருந்து மட்டும் மாதிரி எடுத்து, "இரும்பு ஏறவில்லை" என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். அந்தப் பக்கம்தான் இன்றும் என்னை உறுத்துகிறது.

தாமிரக்கரைசல்:
நடுவில் எது நின்றாலும் அதை மூன்றாம் அடுக்கு என்று முடிவுகட்டக் கூடாது. நான் பணியாற்றிய தாமிர ஆலையில் தாமிரம் கரைந்த கந்தக அமிலக் கரைசலோடு கூழ்ம சிலிக்காவும் நுண்தூசியும் சேர்ந்து வரும் என்பதால், கசடு குறையும்படி, எண்ணெய்க்குள் நீர் துளிகளாகச் சிதறுமாறே கலவைத் தொட்டியை ஓட்டுவோம். ஒருநாள் கலக்கி நின்று மீண்டும் ஓடத் தொடங்கியபோது அதன் இறக்கை நீருக்குள் இருந்ததால், கலவை தலைகீழாகி, நீருக்குள் எண்ணெய் துளிகளாயிற்று. அடுத்த முறைப்பணியாளர் வருவதற்குள், அடுக்குகள் பிரிய விடும் படிவுத் தொட்டியில், எண்ணெயும் நீரும் சந்திக்கும் இடத்தில் சாம்பல் நிறக் கூழ் உள்ளங்கை உயரத்திற்குத் திரண்டு, கரிம அடுக்கோடு தடுப்பைத் தாண்டி வழிந்ததைக் கண்முன்னே பார்த்துக்கொண்டு நின்றேன். கலவையின் மின்கடத்துத்திறனை ஒருமுறை பார்த்திருந்தால் போதும். நீர் தொடர்ச்சியாக இருந்தால் அது உடனே உயர்ந்து காட்டியிருக்கும்.

நீலக்கரிமம்:
மேலே எழுதியவர் சொல்வது வேறு பொருள்; முதல் நண்பருடையதோடு அதைக் குழப்பக் கூடாது. அவர் கண்டது திண்மத் துகள்கள் பிடித்து நிறுத்திய கசடு; முதல் நண்பர் கண்டது, உலோகத்தோடு பிணைந்த சேர்மத்தை மண்ணெண்ணெய் தாங்க முடியாமல் பிரித்துவிட்ட தெளிவான திரவம். கசடை வடிகட்டலாம், இதை வடிகட்ட முடியாது.

என் அனுபவம் வேறு. நிக்கலிலிருந்து கோபால்ட்டைப் பிரிக்க, சயனெக்ஸ் 272 என்ற பிரித்தெடுக்கும் கரிமப் பொருளைப் பயன்படுத்தினேன். கோபால்ட் நிக்கலைவிட ஏறக்குறைய 1.5 பிஎச் அலகுக்கும் மேல் குறைந்த பிஎச் அளவிலேயே கரிம அடுக்குக்கு ஏறிவிடும் என்பதால், தொடக்கத்தில் பிஎச் அளவை 5.5 என்று சரிசெய்துவிட்டு நிம்மதியாக இருந்தேன். ஆழ்ந்த நீலமாக வேண்டிய கரிம அடுக்கு வெளிர் நீலத்திலேயே நின்றது. மீட்டரோ 4-க்கும் கீழே காட்டியது. ஏறும் ஒவ்வொரு கோபால்ட் அயனியும் இரண்டு ஹைட்ரஜன் அயனிகளை நீருக்குள் இறக்கிவிடுகிறது, அந்த அமிலமே மேற்கொண்டு ஏறுவதைத் தடுக்கிறது என்பதை ஏட்டில் படித்திருந்தும், கையில் காரத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கத் தவறினேன்.

கவனம்:
அமிலம் ஏறிய கரிமத் திரவத்தைச் சோடியம் கார்பனேட்டால் கழுவி, மூடியைத் திறக்காமல் குலுக்கியதில், உள்ளே எழுந்த கரியமில வாயுவின் அழுத்தத்தால் மூடி என் காதருகே பறந்து போனது. என் கதை அவ்வளவே. முதல் நண்பருக்குச் சில சொற்கள்: மூன்று அடுக்குகளைக் கண்டால் ஒவ்வொன்றின் பருமனையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள், மூன்றிலிருந்தும் தனித்தனியே மாதிரி எடுத்து, அவற்றின் உலோகக் கூட்டுத்தொகை தொடக்கக் கரைசலில் இருந்ததற்கு ஈடாகிறதா என்று பாருங்கள். ஓர் அடுக்கை விட்டுவிட்டுக் கணக்கு இடித்தால், பெரும்பாலும் அந்த அடுக்கில்தான் உலோகம் இருக்கும். நீண்ட சங்கிலி ஆல்கஹால் ஏதேனும் 5 முதல் 10 விழுக்காடு சேர்த்தால் அடுக்குகள் பெரும்பாலும் மீண்டும் இரண்டாகும், ஆனால் சில அமைப்புகளில் பிரித்தெடுக்கும் திறனும் சற்றுக் குறையும். ஆகவே சேர்த்த பின் பங்கீட்டு விகிதத்தை, அதாவது கரிம அடுக்கிலும் நீரிலும் உள்ள உலோகச் செறிவுகளின் விகிதத்தை, புதிதாக அளக்க வேண்டும். உலோக ஏற்றத்தைக் குறைப்பதும், நறுமண வகைக் கரைப்பானுக்கு மாறுவதும் வேறு வழிகள்.

பிரிபுனல்:
அதே செறிவில் மீண்டும் செய்து, இம்முறை மூன்று அடுக்குகளையும் பிரித்து அளந்தேன். கரிமப் பகுதிக்கு ஏறிய இரும்பு ஏறக்குறைய முழுவதும் நடு அடுக்கில்தான் இருந்தது. நீண்ட சங்கிலி ஆல்கஹாலான ஆக்டனாலைச் சேர்த்ததும் அது மேலடுக்கோடு கலந்து மறைந்தது. குறிப்பேட்டின் பழைய வரியை அடித்து, அருகிலேயே தேதியிட்டுத் திருத்தியிருக்கிறேன்.