பல்வேர்க் குழல்: ‘அடைப்பு’ வேண்டாம், ‘தூர்ப்பு’ இருக்கட்டும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

ரூட் கெனால் சிகிச்சையின் கடைசிக் கட்டத்துக்கு, அதாவது சுத்தம் செய்த வேர்க்குழலை நிரப்பி மூடுவதற்கு, ‘வேர்க்குழல் அடைப்பு’ என்ற தமிழ்ச் சொல்லை முன்மொழிந்திருக்கிறீர்கள். அடைப்பு என்றதும் நோயாளிக்கு இரத்தக்குழாய்தான் நினைவுக்கு வரும். அது நோய், இது சிகிச்சை. ‘நிரப்பல்’ என்றாலோ சொத்தைக் குழியில் வைக்கும் சிமென்டோடு குழம்பும். கிணற்றைத் தூர்க்கிறோம் அல்லவா? அந்த வினையிலிருந்து ‘தூர்ப்பு’ என்று எடுத்துக்கொள்ளலாம். அடிவரை, இடைவெளி விடாமல் என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. சுண்ணம் படிந்து தானாக மூடிக்கொண்ட குழலும் தூர்ந்ததுதானே என்று யாராவது கேட்பார்கள். தூர்ந்தது தன்வினை, தூர்த்தது பிறவினை, குழப்பமே இல்லை.

எனக்குச் சண்டை செய்முறைப் பெயர்களில்தான். ‘லேட்டரல் கன்டென்சேஷன்’ முறைக்குப் ‘பக்கவாட்டுச் சுருக்கம்’ கூடவே கூடாது. குழலுக்குள் வைக்கும் ரப்பர் போன்ற கட்டாபெர்ச்சா, அழுத்தினால் சுருங்கிவிடுகிற பொருளல்ல. இடம் பெயரும், நடுவிலுள்ள வெற்றிடம் குறையும். ஆங்கிலத்திலும் ‘கன்டென்சேஷன்’ சரியில்லை என்று ‘காம்பாக்‌ஷன்’ வந்தது இதனால்தான். ஆகவே ‘இறுக்கல்’.

பக்கவாட்டு இறுக்கலில், அடைபசை (சீலர்) தடவிய முதன்மைக் கட்டாபெர்ச்சாக் கூம்பை இறக்கி, கூரான கருவியால் அதை ஒரு சுவரோரம் ஒதுக்கி, கிடைத்த சந்தில் துணைக்கூம்புகளை ஒவ்வொன்றாகச் செருகுகிறார்கள். தூர்ப்பு எவ்வளவு ஆழம் போகிறது என்பது கைக்குள் இருக்கும். ஆனால் கூம்புகள் ஒன்றாக உருகிச் சேர்வதில்லை. இடுக்குகளில் பசைதான் நிற்கிறது. கை அளவுமீறி அழுத்தினால் வேரே விரிசல் விடலாம்.

கட்டாபெர்ச்சாவைச் சூடாக்கி மேலிருந்து அழுத்தும் முறையை, பல் மருத்துவர் ஷில்டர் 1967இல் விளக்கியதை, ‘செங்குத்துச் சூட்டிறுக்கல்’ எனலாம். இளகிய கட்டாபெர்ச்சா கிளைக்குழல்களுக்குள்ளும் போகும். ஆறும்போது சுருங்கும் என்பதால் அதுவரை அழுத்தியே பிடித்திருக்க வேண்டும். வேர்நுனி தாண்டி வெளியே பிதுங்கும் அபாயமும் உண்டு.

ஒரே கூம்பையும் பசையையும் கொண்டு தூர்க்கும் ‘ஒற்றைக் கூம்பு’ முறையைச் சோம்பேறி வேலை என்று தள்ளிவந்தார்கள். பழைய பசைகளில் பல இறுகும்போது சுருங்கின அல்லது நாளடைவில் கரைந்தன. அந்த ஏளனத்தில் நியாயம் இருந்தது. கால்சியம் சிலிக்கேட் பசை வந்தபின் கணக்கு மாறியது. அது குழலின் ஈரத்தையே எடுத்துக்கொண்டு இறுகுகிறது, பெரிதாகச் சுருங்குவதில்லை. ஆனால் மறுசிகிச்சை தேவைப்பட்டால் அந்தக் கெட்டிப் பசையைக் குடைந்தெடுப்பது பெரும்பாடு. இங்கே பசை வெறும் துணைப்பொருள் அல்ல என்பதால், ‘ஒட்டுபசை’யை விட்டு ‘அடைபசை’ என்றே வைக்கச் சொல்கிறேன். கட்டாபெர்ச்சா தானாகப் பல்லில் ஒட்டாது. கசிவை மறிப்பது பசைதான்.

உள்தண்டின்மேல் கட்டாபெர்ச்சா பூசி, சூடாக்கிச் செருகும் முறைக்குத் ‘தண்டேற்றுத் தூர்ப்பு’ வரை வந்து நிற்கிறேன். எனக்கே பிடிக்கவில்லை. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.