அம்மாவின் பயாப்சி ரிப்போர்ட்டில் ஒரு வரி, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு ட்ரிபிள் நெகட்டிவ் மார்பகப் புற்றுநோய், அதாவது ஹார்மோன் ஏற்பிகள் இரண்டும் ஹெர்2 புரதமும் பரிசோதனையில் நெகட்டிவ் என்று வந்த வகை. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் 'ஸ்ட்ரோமல் டில்ஸ் 40%' என்று இருக்கிறது, பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன். கட்டிக்குள் புற்றுச் செல்களுக்கு இடையிலுள்ள திசுவில் நோய் எதிர்ப்புச் செல்கள் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கின்றன என்கிற அளவாம் அது. இந்த வகைப் புற்றுநோயில் அது கூடுதலாக இருந்தால் கீமோவுக்குக் கட்டி நன்றாகக் கரையவும், பிறகு திரும்பி வராமலிருக்கவும் வாய்ப்பு அதிகம் என்பது வரை படித்துப் புரிந்துகொண்டேன், படித்ததும் கொஞ்சம் மூச்சு வந்தது.

சரி, 40% என்பது நல்ல அளவா? கீமோவோடு பெம்ப்ரோலிசுமாப் (உடலின் நோய் எதிர்ப்பைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி மருந்து) சேர்க்கலாமா என்று முடிவெடுக்க டாக்டர்கள் இதைப் பார்ப்பார்களா? செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கிறோம், ஐந்து நிமிடம்தான் கிடைக்கும். இந்த வழியில் போய்வந்தவர்கள், நோயியல் தெரிந்தவர்கள் யாராவது, என்ன கேட்க வேண்டும் என்று மட்டுமாவது சொல்லுங்கள்.