உதவி தேவை: ஈஸ்டருக்கு ஹோபார்ட், நாலு நாள், முட்டிவலி அப்பா. திட்டம் எங்கேயோ இடிக்கிறது

மல்லிப்பூ (கேள்வி)

வணக்கம். மெல்போர்னில் இருக்கிறோம். தூத்துக்குடியிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். ஈஸ்டர் விடுமுறைக்கு டாஸ்மேனியா தீவுக்குப் போகலாம் என்று அதன் தலைநகர் ஹோபார்ட்டுக்கு டிக்கெட் போட்டாயிற்று. வெள்ளி பகல் பன்னிரண்டுக்கு இறங்குகிறோம். திங்கள் இரவு ஏழு மணிக்குத் திரும்பும் விமானம். நான், கணவர், ஏழு வயதுப் பையன், அப்பா, அம்மா. அப்பாவுக்கு எழுபத்தொன்று, வலது முட்டி தேய்ந்திருக்கிறது. சமதளத்தில் அரை மணி நேரம் நடப்பார். படிக்கட்டைக் கண்டால் "நீங்க போயிட்டு வாங்க" என்று உட்கார்ந்துவிடுவார்.

நான் போட்ட திட்டம் இது. வெள்ளி: கார் எடுத்து நேராக வடமேற்கில் இருக்கும் கிரேடில் மௌன்டன் மலை. சனி: அங்கே ஏரியைச் சுற்றிவிட்டு சாயங்காலம் கிழக்குக் கடற்கரையில் ஃப்ரேசினெட் பக்கம் போய்த் தங்கல். ஞாயிறு: காலையில் வைன்கிளாஸ் பே, மதியம் போர்ட் ஆர்தர். திங்கள்: புரூனி தீவு, அப்படியே ஏர்போர்ட்.

கூகுள் மேப்பில் கூட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் வருகிறது. ஆனால் கணவர் பார்த்துவிட்டு, "இதுல நாம கார விட்டு எப்ப இறங்குறோம்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

இன்னொன்று. அங்கே இலையுதிர் காலத்தில் ஒரு மலை மரம் மஞ்சளும் சிவப்புமாக மாறும் என்று படித்தேன். அப்பா, அம்மாவுக்கு அதைக் காட்ட ஆசை. ஈஸ்டருக்குப் பார்க்க முடியுமா?

ஊர்சுற்றி

தாராளமா முடியுங்க. நாங்க இதே மாதிரி நாலு நாள்ல முழுத் தீவையும் அடிச்சோம். ஜனவரியில போனோம். காலையில ஆறு மணிக்குக் கிளம்பிடணும், அவ்வளவுதான்.

டெர்வென்ட்கரை

ஊர்சுற்றி அண்ணா, ஜனவரி என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஜனவரியில் ஹோபார்ட்டில் சூரியன் மறைய கிட்டத்தட்ட ஒன்பது மணி ஆகும். ஏப்ரல் கதை வேறு.

மல்லிப்பூ அக்கா, நான் ஹோபார்ட்டில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். உங்கள் திட்டத்தில் கணக்கு தப்பில்லை, வெளிச்சம்தான் போதாது. ஏப்ரல் முதல் ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். இந்த முறை ஈஸ்டர் ஞாயிறும் அதே நாளில் வருகிறது. சனிக்கிழமை ஏழு மணி வரை இருக்கும் வெளிச்சம் ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே போய்விடும். அதாவது உங்கள் பயணத்தின் பாதியில் ஒரு சாயங்காலத்தையே பிடுங்கிக்கொள்வார்கள்.

இருட்டினால் என்ன, கார் ஓட்டலாமே என்று தோன்றும். மெல்போர்ன் நெடுஞ்சாலை நினைப்பில் இங்கே ஓட்டக்கூடாது. பொழுது சாய்ந்ததும் வாலபி, பேடிமெலன் (இரண்டும் சின்னக் கங்காரு வகை), வளை தோண்டும் வோம்பாட் எல்லாம் புல் மேயச் சாலையோரம் வந்துவிடும். காலையில் அதே சாலையில் போனால் எத்தனை செத்துக் கிடக்கிறது என்று எண்ணலாம், பையனுக்குக் காட்டாதீர்கள். வோம்பாட் குள்ளமாக இருக்கும், ஆனால் மோதினால் அம்மிக்கல்லில் மோதிய மாதிரி. வாடகைக் கார் ஒப்பந்தத்தையும் ஒரு தடவை முழுதாகப் படியுங்கள். இரவில் விலங்கு மோதினாலோ, மண் சாலையில் அடிபட்டாலோ இன்சூரன்ஸ் கிடையாது என்று சில கம்பெனிகள் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள்.

உங்கள் திட்டப்படி வெள்ளிக்கிழமை கிரேடிலுக்கு நாலரை மணி நேரம். கார் சாவி வாங்கி, சாப்பிட்டு, பையனுக்காக ஒரு இடத்தில் நிறுத்தினால் மலையடிவாரம் சேரும்போது பொழுது சாய்ந்திருக்கும். சனி சாயங்காலமும் அதே கதை. ஞாயிறு போர்ட் ஆர்தரை விட்டுக் கிளம்பும்போதும் அதே கதை. வைன்கிளாஸ் பே வியூ பாயின்ட் வேறு படி ஏறிப் போகும் இடம், அப்பா காரிலேயே உட்கார்ந்திருப்பார்.

ஹோபார்ட்டிலேயே நாலு நாளும் தங்குங்கள். கிரேடிலையும் ஃப்ரேசினெட்டையும் விட்டுவிடுங்கள். வருத்தமாக இருக்கும், ஆனால் விடுங்கள்.

வடமராட்சியான்

டெர்வென்ட்கரை சொல்லுறது சரி. நாங்களும் மெல்பேணிலிருந்து போன வருசம் பிள்ளைகளோட போனனாங்கள். எல்லா இடமும் பார்க்க வேணும் எண்டு வெளிக்கிட்டு, கடைசியில் பெற்றோல் ஸ்டேசன்கள்தான் வடிவாப் பார்த்தது. புரூனி தீவுக்கு ஈஸ்டர் நேரம் போகாதேங்கோ. கெட்டரிங்கிலிருந்து ஃபெரி இருபது நிமிசம்தான், ஆனால் ஏறுறதுக்கு வரிசையில் கார் நிண்ட நேரம் அதைவிடக் கூட. அதுவும் பிளேனுக்குப் போற நாளில் போறது பகிடி.

சாப்பாட்டுப் பக்கமும் ஒரு விசயம். பெரிய வெள்ளி அண்டு பெரிய சூப்பர் மார்க்கெட் எல்லாம் பூட்டு. இறங்கின உடனே அரிசி, பால் வாங்கலாம் எண்டு நினைச்சு வந்து நாங்கள் பட்டது எங்களுக்குத்தான் தெரியும்.

மல்லிப்பூ

அய்யோ, கடை மூடியிருக்கும் என்பது தோன்றவே இல்லை. அப்படியென்றால் அம்மாவைப் புளியோதரை கிளறச் சொல்லி எடுத்து வந்துவிடுகிறேன். அம்மா கூடவே ஒரு கட்டு கறிவேப்பிலை, நாலு எலுமிச்சம்பழம், பையனுக்கு ஆப்பிள் எல்லாம் எடுத்து வைத்திருக்கிறார். உள்நாட்டு விமானம்தானே, பிரச்சினை இல்லையே?

ஃப்ரேசினெட்டை விடுவதற்கு மனசே வரவில்லை. சரி. இலை?

டெர்வென்ட்கரை

புளியோதரை சரி, சமைத்த சாப்பாடு வரலாம். கறிவேப்பிலை, எலுமிச்சை, ஆப்பிள் மூன்றும் வராது. உள்நாட்டு விமானம்தான், ஆனால் டாஸ்மேனியாவுக்குள் மற்ற மாநிலத்துப் பழம், காய், பச்சைச் செடி எதையும் கொண்டுவர விடமாட்டார்கள். பழ ஈ இல்லாத தீவு என்பதைப் பெரிய சொத்தாகக் காக்கிறார்கள். பெட்டி வரும் இடத்தில் மோப்ப நாய் சுற்றும். அம்மாவிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

இலை விஷயம். நீங்கள் படித்தது ஃபேகஸ் என்ற மரம். டாஸ்மேனியா மலையில் மட்டும்தான் வளரும். ஆஸ்திரேலியாவின் குளிர்ப்பிரதேசச் சொந்த மரங்களில் குளிர்காலத்துக்கு இலை உதிர்ப்பது இது ஒன்றுதான். இலை புளியங்கொட்டை அளவு, பனையோலை விசிறி மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். அது நிறம் மாறுவதை இந்த ஊர்க்காரர்கள் ஒரு திருவிழா மாதிரி எதிர்பார்ப்பார்கள். ஆனால் உச்சம் போர்வீரர் நினைவு நாளான அன்சாக் நாளை ஒட்டி, அதாவது ஏப்ரல் 25 வாக்கில். ஏப்ரல் முதல் வாரத்தில் வந்தால் பெரும்பாலும் பச்சையாகவே இருக்கும். ஒன்றிரண்டு கிளை மஞ்சள் காட்டலாம், அதை நம்பி வராதீர்கள். மௌன்ட் ஃபீல்ட் தேசியப் பூங்காவில் நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் டார்ன் ஷெல்ஃப் வரை பல மணி நேரம் பாறையில் நடக்க வேண்டும். லேக் ஃபென்டன் பக்கம் சாலையோரம் கொஞ்சம் உண்டு, ஆனால் அது மண் சாலை, இன்சூரன்ஸ் கதை மறுபடி வரும்.

தேதியை மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் டெர்வென்ட் பள்ளத்தாக்கில் நியூ நார்ஃபோக் வழியாகப் போகும்போது ஆற்றங்கரை பாப்லர் மரங்கள் மஞ்சளடிக்க ஆரம்பித்திருக்கும். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்து நட்டவை, இருந்தாலும் அழகுக்குக் குறைவில்லை.

மல்லிப்பூ

டிக்கெட்டை மாற்றக் கேட்டேன். ஐந்து பேருக்கும் கேட்கிற தொகைக்குப் புது டிக்கெட்டே எடுத்துவிடலாம். ஈஸ்டரேதான். பாப்லர் போதும்.

அப்பாவுக்குப் பிடித்த மாதிரி எதாவது இருந்தால் சொல்லுங்கள். தந்தி ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கடலோர ஊர்க்காரர் வேறு, "இதுக்குத் தெற்கே என்ன இருக்கு?" என்று வரைபடத்தை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

டெர்வென்ட்கரை

தந்தி ஆபீஸா! இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா அக்கா? தென் துருவத்தை முதலில் தொட்ட அமுன்ட்சென் 1912 மார்ச்சில் கப்பலில் நேராக ஹோபார்ட்டுக்குத்தான் வந்தார். ஹாட்லீஸ் ஹோட்டலில் தங்கினார். துருவத்தைத் தொட்டுவிட்டோம் என்ற செய்தி உலகத்துக்குப் போனது இந்த ஊர்த் தந்தியில். மணிக்கூண்டு வைத்த பழைய தலைமைத் தபால் நிலையக் கட்டடம் எலிசபெத் தெருவில் இன்னும் நிற்கிறது. துறைமுகத்திலிருந்து நடந்தே போகலாம், சமதளம்தான். தெற்கே என்ன என்று கேட்டால் அன்டார்க்டிகா என்று சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவின் பனி உடைக்கும் கப்பல் நுயினாவுக்கு இதுதான் சொந்தத் துறைமுகம். ஆரஞ்சு நிறத்தில் நின்றால் தூரத்திலிருந்தே தெரியும்.

மற்ற நாட்களுக்கு என் யோசனை. சனி காலை சலமாங்கா சந்தை. ஞாயிறு போர்ட் ஆர்தர், ஒன்றரை மணி நேர ஓட்டம், எட்டு மணிக்குக் கிளம்பி அங்கிருந்து நாலு மணிக்குத் திரும்பிவிட வேண்டும். 1830-ல் மரம் வெட்டும் முகாமாகத் தொடங்கி 1877-ல் மூடிய கைதிகள் ஊர் அது. டிக்கெட்டோடு படகுச் சுற்றும் சேர்த்தி, அப்பாவுக்கு அதுவே போதும். 1996-ல் அங்கே நடந்த துப்பாக்கிச் சூட்டில் 35 பேர் இறந்தார்கள். நினைவுத் தோட்டம் இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்களிடம் மட்டும் அதைக் கிளறிக் கேட்க வேண்டாம். திங்கள் மௌன்ட் ஃபீல்டில் ரஸ்ஸல் அருவி. பாதை சக்கர நாற்காலி போகிற அளவுக்குச் சீராக இருக்கும். தேசியப் பூங்கா பாஸ் வாங்க மறக்காதீர்கள்.

குனான்யி மலைக்கு, அதாவது மௌன்ட் வெலிங்டனுக்கு, நாள் குறிக்கவே குறிக்காதீர்கள். காலையில் ஜன்னலைத் திறந்து பாருங்கள். உச்சி தெரிந்தால் அன்றைக்கே, அப்போதே ஏறிவிடுங்கள். 1271 மீட்டர், கார் உச்சி வரை போகும். கீழே ஸ்வெட்டர் போதும் என்றால் மேலே குல்லா, கையுறை, காற்றுக்கு ஜாக்கெட் எல்லாம் வேண்டும். பனி விழுந்தால் சாலையை மூடிவிடுவார்கள்.

வடமராட்சியான்

கறித்தூள் போட்டு, கடற்சிப்பி இறைச்சி வைச்சுச் சுடுற 'ஸ்காலப் பை' எண்டு ஒரு பலகாரம் விப்பாங்கள். அம்மாவுக்கு வாங்கிக் குடுங்கோ. எங்கட அம்மா ஒரு கடி கடிச்சுப் போட்டு, "தூள் காணாது" எண்டவ. ஆனா முழுக்கச் சாப்பிட்டு முடிச்சிட்டா.

மல்லிப்பூ (திரும்பி வந்த பிறகு)

எல்லோருக்கும் நன்றி. வந்து இரண்டு நாள் ஆகிறது, துணி துவைத்து முடித்ததும் எழுதுகிறேன்.

முதலில் கறிவேப்பிலை. அம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன். "சரி சரி" என்றார். ஹோபார்ட்டில் பெட்டிக்காக நிற்கிறோம், ஒரு நாய் வந்து அம்மாவின் கைப்பைக்கு முன்னால் அமைதியாக உட்கார்ந்துவிட்டது. கைக்குட்டைக்குள் சுருட்டி ஒரு கொத்து. "இதென்ன பழமா, இலைதானே" என்று அம்மா அந்த அதிகாரியிடம் தமிழிலேயே வாதாடினார். அவர் சிரித்துக்கொண்டே குப்பைத் தொட்டியைக் காட்டினார். நல்லவேளை, அதோடு போயிற்று.

சனிக்கிழமை காலையில் மலை மொத்தமாக மேகத்துக்குள். ஞாயிற்றுக்கிழமை ஜன்னலைத் திறந்தால் துடைத்து வைத்த மாதிரி நிற்கிறது. போர்ட் ஆர்தரை ஒரு மணி நேரம் தள்ளிப்போட்டு மேலே போனோம். அந்தக் காற்றில் காரின் கதவைத் திறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அப்பா கண்ணாடி போட்ட அறைக்குள் நின்றே பார்த்தார். போர்ட் ஆர்தரில் நேரம் குறைந்துவிட்டது, பாதிதான் பார்த்தோம். பரவாயில்லை. ஆறு மணிக்கு முன்னால் ஹோபார்ட் வந்துவிட்டோம். கடைசிப் பத்து நிமிடத்திலேயே சாலையோரம் இரண்டு வாலபி நின்றன.

தபால் நிலையக் கட்டடம் முன்னால் அப்பா வெகுநேரம் நின்றார். அமுன்ட்சென் தன் அண்ணனுக்கு அனுப்பிய தந்தி சங்கேத மொழியில் போனது என்று படித்துச் சொன்னேன். அதற்கு அப்பா, "சங்கேதத்துல போட்டா நம்ம பாடு கஷ்டம். ஒரு எழுத்து தப்பினா அர்த்தமே மாறிப்போகும். அடிச்சவன் யாரோ, பாவம்" என்றார். அப்புறம், "சொல்லுக்கு எவ்வளவு வாங்கியிருப்பான்?" என்று கேட்டார். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், தினமும் கேட்கிறார்.

ஊர்சுற்றி

சரிங்க, தோல்விய ஒத்துக்கிறேன். அடுத்த ஏப்ரல் 25-க்கு நாங்க ஃபேகஸ் பார்க்கப் போறோம். டெர்வென்ட்கரை, மௌன்ட் ஃபீல்டுல லேக் டாப்சன் ஏரி வரைக்கும் மண் ரோடு எவ்வளவு தூரம்? சின்னக் கார் போகுமா?

டெர்வென்ட்கரை

பார்வையாளர் மையத்திலிருந்து 16 கிலோமீட்டர். மெதுவாகப் போனால் சின்னக் கார் போகும். ஆனால் காலை எட்டு மணிக்குள் மேலே இருங்கள் அண்ணா, அந்த வாரம் கார் நிறுத்த இடம் கிடைக்காது. ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும்.