எஞ்சின் திருத்திய பின் சூட்டில் விழும் ஒயில் அழுத்தம்: பம்ப்பா, பெயாரிங்கா?

நானுஓயா மரக்கறி லொறி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நுவரெலியாவிலிருந்து தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றும் மிட்சுபிஷி கென்டர் லொறி ஒன்றை வைத்திருக்கிறேன். எஞ்சின் 4டீ33, 4.2 லீற்றர். பல வருட ஓட்டத்தில் புகையும் ஒயில் செலவும் கூடிவிட்டதால் அண்மையில் எஞ்சினை இறக்கினோம். லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதிது. கிராங் ஷாப்டை 0.50 மில்லிமீற்றர் குறைத்து கிரைண்டிங் செய்து, அந்த அளவுக்குரிய மெயின் (கிராங்கைத் தாங்குவது), பிக் எண்ட் (பிஸ்டன் தண்டு கிராங்கில் சேரும் இடம்) பெயாரிங்குகளைக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் வாங்கிப் பொருத்தினோம். ஒயில் பம்ப்பைக் கழற்றிப் பார்த்த பாஸ் (மெக்கானிக்), பற்சக்கரங்கள் தேயவில்லை என்று சொல்லிப் பழையதையே மாட்டினார்.

குளிர்ந்த காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஒயில் மீற்றர் சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் காட்டுகிறது. ரம்பொடை, புசல்லாவை வழியாக இறங்கும்வரை குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்டி, மாத்தளை கடந்து தம்புள்ளை வெயிலை அடையும்போது, ஐட்லிங்கில் 5 இறாத்தலுக்கு விழுந்து சிவப்பு விளக்கு மின்னத் தொடங்குகிறது. 2000 சுற்றில் ஓடினாலும் 20 இறாத்தலைத் தாண்டுவதில்லை. எஞ்சினில் தட்டும் சத்தம் எதுவும் இல்லை. ஊற்றியிருப்பது 15டபிள்யூ-40 ஒயில்.

ஒருவர் பம்ப்பை மாற்றச் சொல்கிறார். இன்னொருவர், அழுத்தம் மீறினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்குக்குப் பின்னால் ஒரு வோஷர் வைத்தால் போதும் என்கிறார். மலைக்கும் சமவெளிக்கும் இடையிலான உயர வித்தியாசத்தால் மீற்றர் மாறிக் காட்டுவது இயல்பு என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். மறுபடியும் எஞ்சினை இறக்குவதற்கு முன்னர் எதை, எந்த ஒழுங்கில் பார்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பண்டாரவளை டீசல் கராஜ்

உயரத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். ஒயில் மீற்றர் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அழுத்தம் கூடுதலாக இருக்கிறது என்பதைத்தான். ஆகவே 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவிலும் தம்புள்ளையிலும் ஒரே எஞ்சின் ஒரே சூட்டில் ஏறத்தாழ ஒரே அளவைத்தான் காட்ட வேண்டும். மாறுவது ஒயிலின் சூடு. 15டபிள்யூ-40 ஒயில் 40 பாகையில் இருக்கும் தடிப்பில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் 100 பாகையில் எஞ்சும். உங்கள் ஊர்க் காலைக் குளிரில் அது 40 பாகையில் இருப்பதைவிடவும் தடிப்பாக இருப்பதால், ஸ்டார்ட் செய்தவுடன் வரும் 60 இறாத்தலைப் பார்த்து எஞ்சின் நலமாக இருக்கிறது என்று முடிவெடுக்கக் கூடாது.

ஆனாலும் அந்த 60 இறாத்தல் பயனற்ற செய்தி அன்று. ரிலீஃப் வால்வ் தூசியில் சிக்கித் திறந்தபடியே நின்றிருந்தாலும், கழுவுவதற்காகக் கழற்றிய கெலரி (எஞ்சினுக்குள் ஒயில் ஓடும் வழி) பிளக் ஒன்றைத் திரும்பப் போட மறந்திருந்தாலும், குளிரில்கூட அந்த அளவு ஏறியிருக்காது. எனவே பெரிய ஓட்டை ஒன்று திறந்து கிடக்கிறது என்ற சந்தேகத்தை இப்போதைக்குப் பின்னுக்குத் தள்ளலாம். சூட்டில் மட்டும் விழுகிறது என்றால், ஒயில் எங்கோ மெல்லிய இடைவெளி வழியாக அளவுக்கு மீறிக் கசிகிறது என்று பொருள். அந்த இடைவெளி பெயாரிங்கிலும் இருக்கலாம், பம்ப்புக்கு உள்ளேயும் இருக்கலாம்.

பம்ப் ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்று ஒயிலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அந்த ஒயில் வெளியேறும் வழிகள் எவ்வளவு இறுக்கமாக இருக்கின்றன என்பதே அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது. மரக்கறித் தோட்டத்துத் தண்ணீர்க் குழாயில் கீறல் கூடக் கூட முனையில் பீய்ச்சுவது குறைவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மோட்டரை மாற்றிப் பயனில்லை. பெயாரிங்கில் இது இன்னும் கடுமையானது, ஏனெனில் கசிவு இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. இடைவெளி இரு மடங்கானால் கசிவு எட்டு மடங்கு. பெயாரிங்கின் இடைவெளி, அதற்குள் சுழலும் ஜேர்னலின் (கிராங்கின் உருண்டைப் பகுதி) விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 70 மில்லிமீற்றருக்கு 0.07, என்பது பொதுவான கணக்கு. சரியான எல்லையை உங்கள் எஞ்சினின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

வோஷர் யோசனையை விட்டுவிடுங்கள். ரிலீஃப் வால்வ் மேல் எல்லையைக் கட்டுப்படுத்துவதற்காக இருப்பது. 5 இறாத்தலில் அது ஏற்கெனவே மூடியே இருக்கிறது. மூடியிருக்கும் கதவை இன்னும் இறுக்கி என்ன பயன்? காலையில் 60 வருவது 80 ஆகும், ஃபில்டரும் சீல்களும் அதைத் தாங்க வேண்டிவரும், தம்புள்ளையில் அதே 5தான் இருக்கும்.

வேறு எதையும் கழற்றுவதற்கு முன்னர் ஒயில் அழுத்த உணரியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் நேரடிக் குழாய் மீற்றர் ஒன்றைப் பூட்டி, நன்றாகச் சூடான எஞ்சினில் ஐட்லிங்கிலும் 1000, 2000 சுற்றுகளிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். உணரியின் மரையில் வெள்ளை டேப்பைத் தடிப்பாகச் சுற்றியிருந்தால் அதன் எர்த் கெட்டுப்போய் மீற்றர் பொய் சொல்லும். இந்த ஒரு காரணத்துக்காகவே இறக்கப்பட்ட எஞ்சின்கள் உண்டு.

பதுளை டிப்பர்

மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் என்னுடைய பழைய டிப்பருக்கு 20டபிள்யூ-50 ஒயில் ஊற்றியதிலிருந்து சிவப்பு விளக்கு எரிவதில்லை, வண்டியும் தினமும் கல் ஏற்றிக்கொண்டுதான் இருக்கிறது. எல்லோராலும் திரும்பத் திரும்ப எஞ்சின் இறக்க முடியாது. அதைத் தற்காலிக வழியாகவாவது சொல்லலாமே?

பண்டாரவளை டீசல் கராஜ்

தேய்ந்து முடியப்போகும் எஞ்சினை இன்னும் சிறிது காலம் ஓட்டுவதற்கு அது வழிதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள், ஐயா. 100 பாகையில் 20டபிள்யூ-50, 15டபிள்யூ-40ஐவிட மூன்றில் ஒரு பங்கு அளவே தடிப்புக் கூடியது. 5 இறாத்தல் 7 ஆகும், விளக்கு அணையும், ஆனால் கசிவு அப்படியே இருக்கும். இவருடைய எஞ்சினில் பெயாரிங் எல்லாம் புதிது. புதிதாகக் கட்டிய எஞ்சினில் ஏன் கசிகிறது என்று தெரிந்துகொள்ளாமல் விளக்கை மட்டும் அணைப்பது, போட்ட பணத்தை மறுபடியும் ஆபத்தில் வைப்பதாகும். அத்துடன் நுவரெலியாவின் தை மாதக் குளிரில் தடித்த ஒயில் ரொக்கர் ஷாப்ட் வரை ஏறுவதற்கு அதிக நேரம் எடுக்கும்.

ஹட்டன் பழைய பாஸ்

தம்பி, சம்ப்பை (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஒயில் தொட்டி) கழற்றாமலே பார்க்கக்கூடிய இரண்டு விடயங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒயிலில் டீசல் கலக்கிறதா என்பது. டிப் ஸ்டிக்கில் மட்டம் குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துளியை வெள்ளைக் கடதாசியில் விட்டு வைத்தால், டீசல் கலந்த ஒயில் நடுவில் கறுப்பாக நின்று, சுற்றிலும் மெல்லிய எண்ணெய் வளையமாகத் தூரம்வரை பரவும். மணமும் காட்டிக் கொடுக்கும். இன்ஜெக்டர் ஒழுகினாலும், டீசல் பம்ப்பின் உள்பாகங்கள் தேய்ந்திருந்தாலும் இப்படி வரலாம்.

இரண்டாவது, சம்ப்புக்குள் இருக்கும் உறிஞ்சு குழாய். அது பம்ப்புடன் சேரும் இடத்தில் கஸ்கட்டோ ஓ ரிங்கோ சரியாக அமராவிட்டால் பம்ப் ஒயிலோடு காற்றையும் இழுக்கும். அப்போது மீற்றர் முள் ஓரிடத்தில் நில்லாமல் நடுங்கும். நம்முடைய வீதிகளில் இதைக் கண்டுபிடிப்பது எளிது: கினிகத்தேனை ஏற்றத்தில் ஒரு விதமாகவும், அதே சூட்டில் இறக்கத்தில் வேறு விதமாகவும் முள் நின்றால், சம்ப்பில் ஒயில் முன்னும் பின்னும் சாயும்போது அந்த மூட்டு வெளியே தெரிகிறது என்று சந்தேகிக்கலாம். நிறுத்தி வைத்துச் சோதிக்க விரும்பினால், மட்டத்துக்கு மேல் ஒரு லீற்றர் ஒயிலைக் கூட்டி ஊற்றி ஐட்லிங்கில் மட்டும் பாருங்கள். அழுத்தம் ஏறினால் மூட்டுத்தான் பிழை. பார்த்து முடிந்ததும் அந்த ஒயிலை மறக்காமல் வடித்துவிட வேண்டும்.

இவை இரண்டும் இல்லையென்றால் சம்ப்பை இறக்கத்தான் வேண்டும். ஆனால் உடனே பெயாரிங் மூடிகளைக் கழற்றத் தொடங்க வேண்டாம். மூடியுள்ள ஒரு தாங்கியில் ஒயிலை நிரப்பி, கம்பிரசர் காற்றால் 25 முதல் 30 இறாத்தல் அழுத்தம் கொடுத்து, உணரி இருந்த துளை வழியாகக் கெலரிக்குள் செலுத்திவிட்டு, கீழே படுத்து லைட் அடித்துப் பாருங்கள். நல்ல பெயாரிங்கில் துளித்துளியாகச் சொட்டும். பிழையான இடத்தில் நூல் பிடித்தாற்போல் ஒழுகும். கிராங்கின் துளை நேரே வரும் நிலையிலும் சில வேளை அப்படி ஒழுகும் என்பதால், கிராங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிப் பார்த்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் கேட்டு வையுங்கள்: கேம் ஷாப்ட் புஷ்களையும் (வால்வுகளை இயக்கும் தண்டு சுழலும் வளையங்கள்) ரொக்கர் புஷ்களையும் மாற்றினார்களா? நம்முடைய பக்கம் முழு எஞ்சின் வேலை என்று சொன்னாலும் பல இடங்களில் அவற்றைத் தொடுவதே இல்லை.

நானுஓயா மரக்கறி லொறி

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. சொன்ன ஒழுங்கிலேயே பார்த்தோம். நேரடி மீற்றர் சூட்டில், ஐட்லிங்கில் 7 இறாத்தல் காட்டியது. ஆகவே மீற்றரில் பெரிய பொய் இல்லை. கடதாசியில் டீசல் வளையம் தெரியவில்லை. ஒரு லீற்றர் கூட்டி ஊற்றியும் முள் அசையவில்லை.

சம்ப்பை இறக்கி, அழுத்தத்தில் ஒயிலைச் செலுத்தியபோது மெயினிலும் பிக் எண்டிலும் துளிகள்தான் விழுந்தன. ஆனால் கேம் ஷாப்டின் முன் புஷ் பக்கத்திலிருந்து நிற்காமல் ஒழுகியது, அடுத்ததிலிருந்தும் ஓரளவு. இதன் பிறகு எஞ்சினை இறக்கி அளந்தோம். பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தைக் கொண்டு இடைவெளியை அளக்கும் பிளாஸ்டிக் இழை) வைத்துப் பார்த்ததில் மெயின்கள் 0.08, பிக் எண்டுகள் 0.07 மில்லிமீற்றர். கேமின் முன் புஷ் 0.25. பம்ப்பின் பற்களில் தேய்மானம் இல்லை என்று பாஸ் சொன்னது உண்மைதான், ஆனால் மூடித் தகட்டில் பற்சக்கரம் உரசிய வட்டத் தடம் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு இருக்கிறது. பற்சக்கரத்தின் முகத்துக்கும் தகட்டுக்கும் இடையில் 0.20 மில்லிமீற்றர் ஃபீலர் தகடு நுழைகிறது.

புஷ்களை அடித்துக் கழற்றிப் புதிதாகப் போடுவதற்குக் கண்டியில் ஒரு லேத்தில் கேட்டிருக்கிறேன். பம்ப்பைப் புதிதாக வாங்க வேண்டுமா, தகட்டை மட்டும் தேய்த்து மட்டப்படுத்தலாமா?

பண்டாரவளை டீசல் கராஜ்

0.25 என்றால் 0.07ஐவிட மூன்றரை மடங்கு அகலம். மும்மடிக் கணக்கில் அந்த ஒரு புஷ் நாற்பது மடங்குக்கும் மேல் கசிய விடுகிறது. அத்துடன் பம்ப்பும் தன் பங்குக்கு உள்ளேயே ஒயிலைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. பம்ப்பை மட்டும் மாற்றியிருந்தால் சில இறாத்தல்கள் ஏறியிருக்கும், நோய் புஷ்ஷிலேயே தங்கியிருக்கும்.

பற்களும் உடலும் நல்ல நிலையில் இருந்தால் தகட்டைக் கண்ணாடித் தட்டின் மேல் நுண்ணிய எமரித் தாள் வைத்து மட்டமாகத் தேய்க்கலாம். தடம் மறைந்த பிறகும் இடைவெளி கையேட்டு எல்லைக்குள் வராவிட்டால் உடலின் முகத்தையும் லேத்தில் சிறிதளவு எடுக்க வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் புது பம்ப்பின் விலையையும் ஒப்பிட்டு முடிவெடுங்கள். பழையதைத் திருத்துவது மலிவாக இருந்தால் மட்டுமே நான் அதைச் செய்வேன்.

லேத்துக்குக் கொடுக்கும்போது, புஷ்ஷின் ஒயில் துளை புளொக்கின் துளையோடு நேராக வருகிறதா என்று மெல்லிய கம்பி விட்டுப் பார்த்த பின்னரே ஏற்றுக்கொள்ளுங்கள். துளை மறைந்துவிட்டால் மீற்றர் மிக நன்றாகக் காட்டும், ஆனால் ஒயில் வராமல் கேம் பிடித்துக்கொள்ளும். ரொக்கருக்கு ஒயில் ஏறும் வழி கேம் புஷ் வழியாக இருந்தால் அதுவும் வறண்டுபோகும். அடித்துப் போட்ட பின்னர் கேம் ஷாப்ட் கையால் தடையின்றிச் சுழல வேண்டும். ரொக்கர் புஷ்களையும் இப்போதே ஆட்டிப் பாருங்கள், எஞ்சின் திறந்துதான் இருக்கிறது.

பூட்டும்போது பம்ப்பின் பற்களுக்கிடையில் வாசலின் அடைத்து, ஃபில்டரில் ஒயில் நிரப்பி, டீசலை நிறுத்திவைத்தபடி ஸ்டார்ட்டரால் மட்டும் சுற்றி மீற்றர் எழுந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். ஸ்டார்ட்டரை ஒரே மூச்சில் நீண்ட நேரம் சுற்றாமல் இடையிடையே ஆற விடுங்கள். பின்னர் மாத்தளைவரை பாரமில்லாமல் ஓடி, சூட்டில் அதே நேரடி மீற்றரால் அளந்து, முன்பு எழுதி வைத்த எண்களோடு ஒப்பிடுங்கள். ஐட்லிங்கில் 15 இறாத்தலும் 2000 சுற்றில் 30க்கு மேலும் நின்றால் மரக்கறி ஏற்றலாம். அந்த முதல் ஓட்டத்துக்குப் பின் ஃபில்டரைக் கழற்றி, தாளை விரித்து, செம்பு நிறத் துகள்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய புஷ்ஷிலிருந்து தேய்ந்தது இன்னும் கெலரியில் தங்கியிருக்கலாம்.