லயத்துத் தண்ணித் தொட்டி சிரமதானம்: தலைவர் எப்படி நடத்தணும்?

கேள்வி (மஸ்கெலியா): இளைஞர் மன்றத் தலைவர் பொறுப்பு வந்திருக்கு. எங்க லயத்துல (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) ஆயிரம் லீட்டர் தண்ணித் தொட்டியைச் சிரமதானமா (கூலியில்லாம எல்லாரும் சேர்ந்து) கழுவணும். ஆட்களை எப்படிச் சேர்க்கலாம் அண்ணமாரே?

பதில் (ஹட்டன்): தம்பி, முதலில் வீடு வீடாப் போய் நாள் கேளுங்க. வேலை நாளில் வச்சா பேர் (அன்றைய நாள் சம்பளம்) போயிடும், யாரும் வரமாட்டாங்க. மம்பட்டியோட நீங்கதான் முதல்ல இறங்கணும். கரையில நின்னு பட்டியல் எழுதினா அடுத்த தடவை பாதிப் பேர்தான்.

பதில் (பதுளை): சேற்றை அள்ளி, தும்பால தேய்ச்சு, நிரப்புங்க. 30 சதவீதக் குளோரின் பிளீச்சிங் பவுடர் 165 கிராமை வாளியில கரைச்சு, தெளிவை மட்டும் ஊத்துங்க. கட்டி விழுந்தா குழாய் அடைக்கும். ஒருநாள் வச்சுட்டு முழுசாத் திறந்துவிடணும், ஓடைக்கு மட்டும் விடாதீங்க. முதல் நாளே எல்லா வீட்டிலும் தண்ணி பிடிச்சு வைக்கச் சொல்லுங்க, இதுதான் பலர் மறக்கிறது.

பதில் (நுவரெலியா): 2018 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பிரதேச சபை (உள்ளூராட்சி மன்றம்) தோட்டத்துக்கும் செலவு செய்யலாம். குழாய் கேட்டுக் கடிதம் கொடுங்க, துரைக்கும் (தோட்ட மேலாளர்) ஒரு பிரதி.